கெட்டுப்போன கறி

"கறி கெட்டுப்போச்சு!"

சமையலறை வாசலில் நின்று ஹிண்டா போட்ட கூச்சலில் ஜெப ஆலயக் கூடமே திரும்பிப் பார்த்தது.

கூரை நிதிக்கான விருந்து. மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டுதான் ஜெபம் என்கிற நிலைமை. ஸ்டீன்டால் ஊரிலிருக்கும் யூதக் குடும்பங்கள் மொத்தமும் டிக்கெட் வாங்கி, காலையில் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வந்திருந்தன.

"எப்படிக் கெட்டுச்சு?" ப்ளூமா முள்கரண்டிகளை மேஜையில் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஃப்ரிட்ஜ் ப்ளக்கைச் சொருக மறந்துட்டேன். ஒரே நாத்தம். யாரும் உள்ள வராதீங்க!"

ப்ளூமாவுக்கு நாக்கில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. பின்னே? எத்தனை வருஷமாய் ஹிண்டா கையில் இருக்கும் அந்தச் சமையலறைச் சாவிமேல் அவளுக்கு ஒரு கண்!

கறி விருந்தில் பால், வெண்ணெய் எதுவும் மேஜைக்கு வரக்கூடாது என்பது யூத வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஹிண்டாவின் கெடுபிடி தனி ரகம். போன வருஷம் டாக்டர் மனைவி செல்மா மறந்துபோய் வெண்ணெய் பிஸ்கெட் கொண்டுவந்துவிட்டாள். "எடுத்துட்டு வெளிய போ!" என்று ஊரே பார்க்க விரட்டினாளே! செல்மா அன்றோடு சரி, இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட ஹிண்டா ப்ளக்கைச் சொருக மறந்தாளாம்!

"ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவா. ஒரு ப்ளக்கைச் சொருகத் தெரியலை!" என்றார் ஒருவர்.

"டிக்கெட் காசைத் திருப்பிக் குடுங்கப்பா!" என்றார் இன்னொருவர்.

தலைவர் மெண்டல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என் கூரை... என் கூரை..."

ஹிண்டா அசரவில்லை. "புலம்பினா வயிறு நிறையுமா? அந்தக் கறித் தட்டெல்லாம் எடுத்துட்டுப் பேப்பர் தட்டைப் போடுங்க. இன்னிக்குப் பால் விருந்து! வீட்டுல பால்கட்டி, வெண்ணெய், கறிக் கணக்குல சேராத மீன், முட்டை எது இருந்தாலும் ஓடிப்போய்க் கொண்டுவாங்க!"

திட்டிக்கொண்டேதான் ஓடினார்கள். அரை மணியில் மேஜை நிரம்பிவிட்டது. நடுநாயகமாக, ஊர்ப் பையன் ஜோசலுடைய புதுப்பெண்டாட்டி ஆனலீ கொண்டுவந்திருந்த பால் டார்ட், பாலும் முட்டையும் சேர்த்துச் சுட்ட இனிப்பு. ஆஃப்ரிகானர் வீட்டுப் பெண், பிறப்பால் கிறிஸ்தவள். ஜோசலுக்காக மதம் மாறி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்னும் யாரும் அவளோடு சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஒரு வாய் வைத்த மெண்டல் எழுந்து நின்றுவிட்டார். "இதைச் சும்மா தின்னா பாவம். துண்டு துண்டா ஏலம் விடறேன்!"

ஏலம் சூடு பிடித்தது. கடைசித் துண்டுக்கு இரண்டு பேர் கிட்டத்தட்டக் கட்டிப் புரண்டார்கள். கூரைக்குத் தேவையானதுக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. ஆளாளுக்கு ஆனலீயைச் சூழ்ந்துகொண்டு பக்குவம் கேட்டார்கள். அவள் முகத்தைப் பார்க்கணுமே!

ஹிண்டாவைத்தான் யாரும் சீண்டவில்லை. சமையலறைச் சாவியை இனி ப்ளூமா வைத்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

புதன்கிழமை சாவி வாங்க ஹிண்டா வீட்டுக்குப் போனாள் ப்ளூமா. சாப்பாட்டு மேஜையில் ஹிண்டாவின் கணவர் லேசர் பரிதாபமாக உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா ப்ளூமா, நீயாவது சொல்லேன். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து மூணு வேளையும் கறி. ஒரு முட்டை கேட்டாக்கூடக் கிடைக்கல!"

ப்ளூமா தட்டைப் பார்த்தாள். கும்மென்று மணம்.

"இது... அந்த விருந்துக் கறியா? கெட்டுப்போகலையா?"

"கெட்டிருந்தா நான் இப்படிப் பேசிட்டா இருப்பேன்?" என்றார் லேசர்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கீங்களா?" என்றபடி ஹிண்டா வந்தாள். ப்ளூமாவின் முழியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"கறிக் காசை அன்னிக்கே உண்டியல்ல போட்டுட்டேன். அப்படிப் பார்க்காதே."

"எதுக்குக்கா இந்த நாடகம்?"

"அந்தப் பொண்ணு ஆனலீ பால் டார்ட்டைத் தூக்கிட்டு நேரா சமையலறைக்குள்ள வந்தா. கறி விருந்துக்கு இதையா கொண்டுவர்றதுன்னு கேட்டேன். கறி சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழிச்சுப் பால் சாப்பிடலாம்னு படிச்சிருக்காளாம். தலைவர் பேசி முடிக்க அவ்வளவு நேரம் ஆகும்னு ஜோசல் கேலியா சொன்னதை, பாவம், நிஜம்னு நம்பிட்டா!"

ப்ளூமாவுக்குச் சிரிப்பு பீறிட்டது.

"நீ சிரிக்கறே. அவ தட்டோட உள்ள வந்ததை ஊரே பார்த்துது. அதே தட்டோட வெளிய போனா, அடுத்த வாரம் வருவாளா?"

"அதுக்காக? சட்டம் சட்டம்னு உயிரை வாங்கற நீங்க பொய் சொல்லலாமா?"

"பாலும் கறியும் சேரக் கூடாதுங்கறது மட்டும்தான் சட்டமா? நாலு பேர் முன்னால ஒருத்தரை அவமானப்படுத்தி முகத்தை வெளுக்க வைக்காதேங்கறதும் சட்டம்தான். செல்மா விஷயத்துல அதை ஒரு தடவை மீறிட்டேன். இன்னிவரைக்கும் உறுத்துது." சாவியை மேஜைமேல் வைத்தாள். "எடுத்துக்க. யார்கிட்டயும் மூச்சு விடாதே. இரு, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ."

ப்ளூமா சாவியை அவள் பக்கமே தள்ளிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு லேசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வரக்காப்பியாவே குடுங்கக்கா. இந்தக் கெட்டுப்போன கறியைத் தீர்க்க இன்னொரு வயிறு வேணும்போல இருக்கு!"