திரும்பலாமா என்று கேட்ட ஆடு

பனிக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. கணவாய்க்கு அந்தப் பக்கம் புல் முளைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, ஒரு மலையாடும் ஒரு கோவேறு கழுதையும் விடியற்காலையிலேயே கிளம்பின. ஆடு முன்னே போனது. பகலில் உருகிய பனி இரவில் மறுபடி இறுகி, பாதை முழுக்கக் கண்ணாடி போலக் கிடந்தது.

பாதி தூரத்தில் ஆட்டின் கால் வழுக்கியது. பக்கத்திலேயே கிடுகிடு பள்ளம். பாறை இடுக்கில் ஒரு குளம்பு மாட்டிக்கொண்டதால் பிழைத்தது. ஆட்டுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனாலும் மலையிலேயே பிறந்த ஆடு, பயமாயிருக்கிறது என்று ஒரு கழுதையிடம் எப்படிச் சொல்லும்? இன்னும் பத்தடி நடந்தது. அதற்குமேல் கால் வரவில்லை.

"அண்ணே, எனக்குப் பயமாயிருக்கு. திரும்பிடலாமா?" என்று கேட்டே விட்டது.

"அப்பாடா!" என்று கழுதை பெருமூச்சு விட்டது. "முதல் வளைவிலிருந்தே எனக்கும் பயம்தான் தம்பி. நீ தைரியமாப் போறியே, நான் எப்படிச் சொல்றதுன்னுதான் வாயை மூடிக்கிட்டு வந்தேன்."

"நீங்க பின்னால வர்ற சத்தம் கேட்டுத்தானே நானும் நடந்தேன்!"

இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியபடி, அங்குலம் அங்குலமாக இறங்கி வந்து சேர்ந்தன. மலையடியில் ஒரு நரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறத் தயாராக நின்றது.

"மேலே வழி எப்படி?" என்று கேட்டது.

"பயந்துபோய்த் திரும்பிட்டோம்" என்றது ஆடு.

நரி அந்த இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தது. "நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க!"