ஃபின்னின் இடம்

வீட்டிலேயே செய்த அலைச்சறுக்குப் பலகையின் அடியில் மீன் துடுப்புபோல் நின்ற ஃபின்னை ஆரோக்கியம் மறுபடியும் பெயர்த்தெடுத்தான். அது முன்பிருந்த இடங்களிலெல்லாம் பிசின் காய்ந்து தழும்பேறியிருந்தது. முழங்காலில் அடிபட்ட விபத்துக்குப் பிறகு ரெஜினாவால் அலைமேல் நிற்க முடியவில்லை. அவள் விழும்போதெல்லாம் அவன் ஃபின்னைத்தான் குற்றம் சொன்னான்.

“முன்னாடி தள்ளி வச்சா நின்னுருவடி.”

“போன வாட்டியும் இதத்தான் சொன்ன. பேசாம என் காலப் பேத்து ஒட்டேன்.”

“அதுக்குப் பிசின் பத்தாது” என்று சிரித்தான்.

முழங்கால் இனித் தேறாதென்று மருத்துவர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். இன்றாவது சொல்லிவிடலாமென்று அருகில் போய் உட்கார்ந்தாள். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சையும் அடக்கி, பென்சிலால் புதிய இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தான்.

“இன்னுங் கொஞ்சம் பின்னால வை” என்றாள்.