லைலாக் செடிக்கடியில்

ஹேஸல் கறுப்புத் துணியை விலக்கினாள். மேஜைமேல் இருந்த எலும்புக்கூட்டைப் பார்த்ததும் அவள் அப்பா லாய்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். புதைத்த இடம் தனக்கும் மனைவிக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தான்!

"இடது பின்னங்கால்ல பழைய முறிவு. கோணலாச் சேந்திருக்கு," என்றாள் ஹேஸல், பெரிய டாக்டர் தோரணையில். வயது பதின்மூன்று. "உயிரோட இருந்தப்ப நொண்டி நொண்டி நடந்த பூனை இது."

சந்தேகமே இல்லை, அவர்கள் வீட்டு நொண்டிப் பூனை பிக்கிள்தான்.

மூன்று வருஷம் முன்னால் பிக்கிள் செத்தபோது, பெண் தாங்கமாட்டாள் என்று பயந்து, அந்த ஊர் அப்பாக்கள் எல்லாரும் சொல்வதைத்தான் லாய்டும் சொன்னான். பூனையை ஒஹாயோவில் ஒரு பண்ணைக்கு அனுப்பியாச்சு, அங்கே ஓடியாட ஏகப்பட்ட இடம். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் லைலாக் செடிக்கடியில் குழி தோண்டினான்.

இன்று பிட்ஸ்பர்க் மியூசியத்தில் கோடை வகுப்பின் கடைசி நாள். பிள்ளைகள் செய்ததைப் பார்க்கப் பெற்றோர் கூடியிருந்தார்கள்.

"செத்த உடலை எங்க ஃப்ரீசர்லேர்ந்து எடுத்துக் குடுத்ததோட எங்க வேலை முடிஞ்சுது," என்றார் ஆசிரியை நோவாக். "சதையைத் தின்னு தீத்தது அதுக்குன்னே நாங்க வளக்கற வண்டுங்க. எலும்பை அடுக்கினது முழுக்க இந்தப் பசங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். லாய்டும் தட்டினான். அவர் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

"தோண்டி எடுத்துட்டா, டெனிஸ்," என்று மனைவியின் காதைக் கடித்தான்.

"எதையாவது உளறி வைக்காதே. பேசாம உக்காரு."

ஹேஸல் நேராக அப்பாவைப் பார்த்தாள். "ஆந்தை வேணுமா, முயல் வேணுமான்னு கேட்டாங்க. இந்தப் பூனைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். ஏன்னு எங்கப்பாவுக்குத் தெரியும்."

அவ்வளவுதான், லாய்டு எழுந்துவிட்டான். ஐயோ, இனி இந்தப் பெண் ஜென்மத்துக்கும் தன்னை நம்பமாட்டாளே!

"மன்னிச்சுடும்மா, ஹேஸல். பண்ணையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பிக்கிளை நான்தான் லைலாக் செடிக்கடியில புதைச்சேன். நீ அழுவியேன்னு பொய் சொல்லிட்டேன். எப்படியோ நீயே கண்டுபிடிச்சுட்டே."

டெனிஸ் தலையிலடித்துக்கொண்டாள். நோவாக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஹேஸல் எலும்புக்கூட்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"இது மியூசியத்துப் பூனைப்பா. கால் நம்ம பிக்கிளுக்கு மாதிரியே இருக்கேன்னுதான் கேட்டு வாங்கினேன்."

கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"பிக்கிள் செத்துப்போச்சா?"