குட்டை நுனி

எனக்குப் பின்னால் பலகைத் தரை அதிர்வது நின்றுவிட்டது.

பேக்பைப் என்கிற பைக்குழலை வாசிக்கிறவன் மணப்பெண்ணுக்கு முன்னால் நடப்பான். திரும்பிப் பார்க்கக் கூடாது. பாட்டைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. அவள் வருகிறாளா என்பதை உள்ளங்காலில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, வாசித்த அடியையே மறுபடி வாசித்தேன்.

ஊர்க் கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். நனைந்த கம்பளி நாற்றம்.

"என்ன லாக்லன், மூச்சு முட்டுதா? குழலை இங்க குடுய்யா!" என்று கத்தினான் டூகல். என்னோடு ஒரே படகில் மீன் பிடித்தவன். நாலு பேர் சிரித்தார்கள்.

மூன்றாம் தடவையில் பலகை மறுபடி அதிர்ந்தது. நடந்தேன்.

மணப்பெண் மோர்னா கிளாஸ்கோக்காரி. எங்கள் தீவுக்கு வந்து ஒன்றரை வருஷம்தான். எங்கள் ஆட்களே விட்டுவிட்ட சடங்கையெல்லாம் தேடித் தாளில் எழுதி வைத்திருந்தாள். குழல் ஊதி அழைப்பது, காலணிக்குள் ஆறு பென்ஸ் காசு, இரண்டு பேர் கையையும் சேர்த்துத் துணியால் கட்டுவது.

தாளைப் பார்த்துச் செய்கிற சடங்கை நான் நம்புவதில்லை. மாப்பிள்ளை ரோரியையும் நம்புவதில்லை. ஏன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

மோர்னாவைப் பிடிக்கும். போன குளிர்காலத்தில் இருமலில் கிடந்தேன். சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் திட்டத் திட்ட, குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

முடிச்சை நான்தான் போட வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான். நாற்பது வருஷம் வலை கட்டிய கை, அவிழாது என்று ஒரு நம்பிக்கை.

குழலை நாற்காலியில் வைத்தேன். பையில் மிச்சமிருந்த காற்று முனகிக்கொண்டே போயிற்று.

அவள் முழங்கைவரை லேஸ் கையுறை போட்டிருந்தாள்.

"கையுறையக் கழட்டும்மா, முடிச்சு நிக்காது," என்றாள் கல்யாணத்தை நடத்திவைக்க வந்த பெண்.

மோர்னா கழற்றவில்லை. கூடம் காத்திருந்தது. அப்புறம் மெதுவாகக் கழற்றினாள்.

மணிக்கட்டின் உள்பக்கம் நாலு தடம். ஓரம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. மூன்று நாள் பழசு.

நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "கதவுல இடிச்சிக்கிட்டேன்."

கதவுக்கு விரல் கிடையாது.

அந்தக் கதவை எனக்கு நன்றாகத் தெரியும்.

ரோரி தன் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தடத்தின் மேலேயே விரல்கள் போய் உட்கார்ந்தன, தச்சன் இழைத்த மாதிரி. இடுப்பில் சுற்றிய புது கில்ட்டில் ஆள் ராஜாவாட்டம் இருந்தான்.

"சீக்கிரம் கட்டுங்க, ஜனங்களுக்குப் பசிக்குது," என்றான் சத்தமாக. கூடமே சிரித்தது. எல்லாருக்கும் பிடித்த பையன்.

நான் அங்கேயே சத்தம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் ரோரியை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். என்னைத்தான் பார்த்திருப்பார்கள். 'நீ பேசறியா இதை?' என்று டூகலே கேட்டிருப்பான்.

அதனால் வாயை மூடிக்கொண்டு கட்டினேன்.

ரோரி வீட்டுக் கட்டம் போட்ட துணி, பச்சையும் கறுப்பும். இரண்டு சுற்று. மேலே ஒரு மடிப்பு. பார்க்கிறவர்களுக்கு ஆயுசுக்கும் அவிழாத முடிச்சு மாதிரி இருக்கும். புயல் நேரத்தில் படகைத் துறையில் கட்ட நாங்கள் போடுகிற முடிச்சு அது. குட்டை நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் உதிர்ந்துவிடும்.

ரோரி படம் எடுக்கிறவன் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கடலில் வேலையில்லை, முடிச்சும் தெரியாது.

குட்டை நுனியை மோர்னாவின் கட்டாத இடது கைக்குள் வைத்து விரல்களை மூடினேன். கன்னத்தில் முத்தம் கொடுக்கிற மாதிரி குனிந்தேன்.

"இழுத்தா அவுந்துரும். என் வண்டியில சாவி இருக்கு. நாலரைக்கு ஃபெர்ரி."

அவள் அழவில்லை. மூச்சு மட்டும் ஒரு தரம் நின்று வந்தது.

மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது.

நடத்திவைக்கிற பெண் தாளைப் பார்த்தாள். உறுதிமொழிக்கு முன்னால் விஸ்கிக் கிண்ணம். இரண்டு கைப்பிடி வைத்த வெள்ளிக் கிண்ணம். கட்டாத கையால் ஆளுக்கு ஒரு பிடியைப் பிடித்துச் சேர்ந்து குடிக்க வேண்டும். கத்தி எடுக்க எந்தக் கையும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்தில் வைத்த வழக்கம். மனுஷனை நம்பாதவன் எவனோ கண்டுபிடித்தது. இந்த ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்வேன்.

"மாப்பிள்ளையோட அப்பா வந்து ஊத்தணும்," என்றாள்.

வரிசையிலிருந்து ஒருவரும் நகரவில்லை. பாட்டிலை நான்தான் எடுத்தேன்.

என் மகன் ஒரு பிடியைப் பிடித்தான். என் விரல்களேதான். அதே முட்டி, அதே நகம்.

அவன் அம்மா வரவில்லை. நான் இருக்கிற இடத்துக்கு அவள் வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

ஊற்றினேன். கிண்ணம் விளிம்புவரை வந்துவிட்டது.

மறு பிடி காலியாகவே இருந்தது. மோர்னா இடது கையைத் திறக்கவில்லை.