பல்லிக்கும் சேர்த்து

மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவன் இடுக்கியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினான். நுனியில் சுவர்க்கோழி காலை உதைத்தது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட அந்தக் குட்டிப் பல்லி பூச்சியைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. பிறகு ஓட்டுத் துண்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டது.

வந்ததிலிருந்து ஒன்றும் தின்னவில்லை.

இப்படி முகம் திரும்புவதை அவன் முன்பே பார்த்திருக்கிறான். ஆஸ்பத்திரியில். அப்போது கையில் இருந்தது கஞ்சிக் கரண்டி. கட்டிலில் மனைவி.

நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தான் செல்வின். அவளுடைய அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பல்லி என்றால் பயம்.

அதை வாங்கி வந்ததும் செல்வின்தான். வீட்டில் இன்னொரு உயிர் இருக்கட்டும் என்று நாய்க்குட்டி வாங்கப் போனான். வீட்டுக்காரர் நாய்க்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது கடை வாசலில்தான் ஞாபகம் வந்தது. இது குரைக்காது, சுவர் ஏறாது என்று கடைக்காரர் சொன்னாராம். டப்பாவை பைக்கில் தொங்கவிட்டு, வழியெல்லாம் சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தானாம்.

பயத்தில்.

கடைக்காரர் போனில் சொன்னதுதான் மாப்பிள்ளையின் காதிலேயே நின்றது. வாலைப் பாருங்கள். அது தடிமனாக இருக்கிறவரை கவலை இல்லை. மெலிந்துகொண்டே போனால் தேறாது.

வந்த அன்று பெருவிரல் பருமன் இருந்தது.

இன்று சுண்டுவிரல்.

இணையத்தில் படித்ததை எல்லாம் செய்துவிட்டான். அடியில் சூட்டுத் தகடு. ஒளிய ஓடு. புழு. அதைவிடச் சின்னப் புழு. ஆபீஸிலிருந்து வந்தால் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். மூக்கு கண்ணாடியில் ஒட்டியிருக்கும். வாயைத் திறக்கிறதா, திறக்கிறதா என்று.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கோழி வேண்டாம் என்கிற ஜென்மத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான் செல்வின். சுவர்க்கோழியும் கோழிதானாம்.

அவன் இடுக்கியைத் தளர்த்தினான். பூச்சி தொட்டிக்குள் விழுந்து மூலைக்கு ஓடியது. மூடியைப் போட்டுவிட்டு மேசைக்கு வந்தான்.

அவள் போனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதுதான். ஆராதனை முடிந்ததும் செல்வின் தூக்குச்சட்டியோடு வருவான். தன் மனைவி கொடுத்துவிட்ட சோறு, கறிக்குழம்பு, காகிதத்தில் சுற்றிய அப்பளம். பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் வாயையே பார்ப்பான்.

மாப்பிள்ளை பிசைவான். ஒதுக்குவான். மறுபடி பிசைவான்.

முக்கால்வாசி தெரு நாய்க்குப் போகும். அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம். செல்வினின் ஜெபம் நீளம். ஊரில் ஒருவரையும் விடமாட்டான். சின்ன வயதில், அது முடிவதற்குள் தங்கை அவன் தட்டிலிருந்து கறியை எடுத்துத் தின்றுவிடுவாளாம். தெரிந்தும் கண்ணைத் திறந்ததில்லை என்பான். தின்னட்டுமே என்றுதான் கூட இரண்டு பேருக்கு ஜெபித்தானாம்.

இப்போதெல்லாம் ஜெபத்தில் மாப்பிள்ளை கண் மூடுவதில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

செல்வின் தொடங்கினான். மழைக்கு. கடலுக்குப் போனவர்களுக்கு. முழங்கால் வலிக்கிற பாஸ்டருக்கு. பிறகு, மூச்சு விடாமல்,

“அந்தப் பல்லிக்கும் நல்ல பசியைத் தாரும் ஆண்டவரே. ஆனா அது என் பக்கம் மட்டும் வராம பாத்துக்கிடும்.”

அவனுக்கு உள்ளேயிருந்து ஏதோ முட்டிக்கொண்டு வந்தது.

சிரிப்பு.

ஜெபத்தில் சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்தான். போதவில்லை. கண்ணையும் இறுக மூடிக்கொண்டான்.

கறுக்.

ஜெபம் நின்றது.

இருவரும் கண்ணைத் திறக்கவில்லை.

கறுக். கறுக்.

மேசைக்கு மேல் ஒரு பெரிய கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

“மாப்ள, நம்ம பயதானா?”

மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள். தொட்டியின் நடுவில் நின்றது. வாயோரம் ஒரு பூச்சிக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் விழுங்கியது. நாக்கால் உதட்டைச் சுற்றித் துடைத்துக்கொண்டது.

அவன் சிரித்துவிட்டான். சத்தமாக. வயிற்றைப் பிடித்துக்கொண்டு. செல்வின் பயத்தை மறந்து தொட்டியிடம் ஓடி, ஞாபகம் வந்து இரண்டடி பின்னால் நகர்ந்ததில் இன்னும் சிரித்தான்.

இன்னொரு சுவர்க்கோழியை விட்டான். இருவரும் குனிந்து காத்திருந்தார்கள்.

பல்லி இருவரையும் பார்த்தது. அசையவில்லை.

அவன்தான் முதலில் முதுகைக் காட்டித் திரும்பினான். செல்வினையும் தோளைப் பிடித்துத் திருப்பினான். இரண்டு பெரிய ஆட்கள், சுவரைப் பார்த்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு.

கறுக்.

செல்வின் கையைத் தட்டப் போனான். பாதியில் நிறுத்தினான். மேசையில் தொடாமல் இருந்த தட்டைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். செல்வின் கன்னத்தில் கை வைக்கவில்லை.

“ஆமென் சொல்லலையே மாப்ள,” என்றான்.

கண்ணை மூடிக்கொண்டான். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான். கடைக்காரருக்கு. வீட்டுக்காரருக்கு. கிரேன் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும், பேர் பேராக. அவசரமே இல்லை.

அவன் தட்டைப் பார்த்தான். குழம்பிலிருந்து மிளகு வாசனை வந்தது.

அப்பளத்தை எடுத்தான்.

கறுக்.

ஜெபம் ஒரு கணம் தடுக்கியது. பிறகு அடுத்த தெருவுக்குப் போனது.