மிஞ்சிய உதிரிகள்

“பொம்மை ரயிலா? உங்க வயசுல எனக்கு ரெண்டு பிள்ளைங்க, தம்பி.”

பெண்ணைப் பெற்றவர் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்கார இடமில்லை. கட்டில், ஜன்னல் திட்டு, சமையல் மேடை என்று எங்கும் திருகாணிகளும் கம்பிச் சுருள்களும் கடை பரப்பியிருந்தன. ‘நேர்ல பாத்துட்டு வாங்கப்பா, நீங்க வேணாம்னா வேணாம்’ என்று மகள் அனுப்பியிருந்தாள். ‘வேணாம்’ என்பதை அவர் வீட்டிலிருந்தே தயாராகக் கொண்டுவந்திருந்தார். பையன் மெக்கானிக் என்றதுமே, மகள் சொன்ன மற்ற எதற்கும் அவர் காது கொடுக்கவில்லை.

“ரயில் இல்ல சார், நீராவி ட்ராம் இன்ஜின்,” என்றான் மெக்கானிக். மேஜைமேல் ஒரு முழ நீளத்துக்குப் பெட்டி மாதிரி நின்றது அது. “தெருவுல ஜனங்க நடுவுல ஓடுறதால சக்கரத்தைத் தகடு போட்டு மறைச்சிருப்பாங்க.”

“மறைக்க வேண்டியதுதான். அது சக்கரம் மாதிரியா இருக்கு?”

“பழைய பேரிங் சார்.”

“கடையில வாங்கினா அழகா இருக்குமே. அதுக்குக்கூடச் சம்பளம் பத்தலையா?”

“வாங்கி மாட்டினா அதுல நம்ம வேலை என்ன இருக்கு? இதுல ஒரு ஆணிகூட வாங்கினதில்ல. பாய்லர், ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாமே வேலையில மிஞ்சினது.”

“மிஞ்சினதுன்னா?”

“மெஷினைக் கழட்டித் துடைச்சுத் திரும்ப மாட்டுவோம். மாட்டி முடிச்சா ரெண்டு மூணு சாமான் கையில நிக்கும். எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வராது. ஆனா மெஷின் ஓடும். அப்புறம் அது எதுக்கு?”

பெரியவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நல்ல வேளை, நான் ஜென்மத்துல வண்டி வாங்கினதில்ல.”

மெக்கானிக் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி இன்ஜினுக்கு அடியில் தள்ளினான். தண்ணீர் சுடுவதாகக் காணோம். பெரியவர் கொட்டாவி விட்டார்.

“கல்யாணத்துக்குள்ள கிளம்பிடுமா?” என்றவர், எந்தக் கல்யாணம் என்று தோன்றியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். இன்ஜின் முக்கி முனகி நகர்ந்து, பிறகு கிடுகிடுவென்று மேஜையின் அந்தக் கோடிக்கு ஓடியது. விழப்போனதைப் பாய்ந்து பிடித்தவர் பெரியவர்தான். விரல் சுட்டது. ஆனாலும் விடவில்லை.

“இன்னொரு தடவை ஓட்டுங்க,” என்றார்.

அதற்குப் பிறகு அவரே ஓட்டினார், மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக. குப்பையையே இப்படி ஓடவைக்கிறவன் குடும்பத்தை ஓட்ட மாட்டானா? காசைக் கரியாக்காதவன் வேறு. தன் கஞ்சத்தனத்துக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்டதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

“என் பொண்ணுக்குக் கண்ணு இருக்கு. தேதி பாத்துடலாம், மாப்ள.”

மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். வழியனுப்ப வாசல்வரை வந்தவன், சந்தோஷத்தில் லிப்டிலும் கூடவே ஏறிக்கொண்டான். கதவு மூடியது. பன்னிரண்டாம் மாடியிலிருந்து லிப்ட் ஒரு குலுங்கு குலுங்கி இறங்கத் தொடங்கியது.

“கேக்கவே மறந்துட்டேன். நீங்க வேலை பாக்குறது கார் கம்பெனியா, பஸ் கம்பெனியா?”

“வண்டி வேலையெல்லாம் எனக்குத் தெரியாது மாமா, நான் லிப்ட் மெக்கானிக்,” என்றான் மாப்பிள்ளை. “போன வாரம் இந்த லிப்டைத்தான் பூராவும் கழட்டி மாட்டினேன். நம்ம இன்ஜின்ல பாதி, இதுல மிஞ்சினதுதான்.”