நாற்பத்தேழு பாட்டில்

"அந்தக் கட்டுரை தப்பு. திரும்ப வாங்கிக்கணும்."

மேடையில் நின்று நண்டு இதைச் சொன்னதும், பின்வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மடிக்கணினியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்த தோழி கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். காலையில் ஒத்திகை பார்த்த பேச்சில் இந்த வரியே கிடையாது.

நண்டு என்பது ஆய்வகத்தில் வைத்த பெயர். ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். முனைவர் பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு வாய்மொழித் தேர்வுதான் பாக்கி. அந்தத் தேர்வுக் குழுவின் தலைவர் வேறு யாருமில்லை, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்தான். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைத் திமிங்கலம் என்பார்கள். தப்பு என்று அவள் சொன்னது அவருடைய கட்டுரையைத்தான்.

திரையில் அதன் தலைப்பு நின்றது. கொட்டை எழுத்தில் திமிங்கலத்தின் பெயர். பக்கத்திலேயே பொடி எழுத்தில், சினிமாவில் கடைசியாக ஓடுமே, அதுபோல 'மற்றும் பலர்'. விரிகுடாத் தண்ணீர் அமிலமாகிவிட்டது, கடுகளவு கடல் நத்தைகளின் ஓடெல்லாம் அதில் கரைகிறது என்று ஐந்து வருடத்துக்கு முன் சொன்ன கட்டுரை. அவருக்கு மூன்று விருது கிடைத்தது. கரையோரத்து ஜனங்களுக்குக் கிடைத்தது, சிப்பி எடுக்கத் தடை.

"கடல்ல கரையல," என்றாள் நண்டு. "பாட்டிலுக்குள்ள கரைஞ்சிருக்கு. பிடிச்ச நத்தை கெட்டுப்போகாம இருக்க ஃபார்மலின்ல போட்டு வைக்கிறோம். அது நாளாக நாளாக அமிலமாகி ஓட்டைத் தின்னும். அந்த அமிலத்தை அடக்கத்தான் கூடவே கொஞ்சம் போராக்ஸ் போடணும். இங்க இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். கிடங்குல இருந்த பாட்டிலை எல்லாம் திறந்து சோதிச்சுப் பார்த்துட்டேன்."

திரும்பிப் பலகையில் எழுதினாள். மொத்தம் 47. போராக்ஸ் இல்லாதது 27. வழக்கம்போல ஒவ்வொரு ஏழுக்கும் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. "ஏழுக்கு எதுக்குடி பெல்ட்டு?" என்று தோழி எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். இப்போது கேலி செய்கிற நிலையில் அவள் இல்லை.

"அந்த இருபத்தேழுலதான் ஓடு கரைஞ்சிருக்கு. மத்த இருபதுலயும் ஓடு கல்லு மாதிரி இருக்கு."

திமிங்கலம் எழுந்தார். "ஏம்மா, நான் கடலுக்குப் போக ஆரம்பிச்சப்ப நீ பொறந்திருக்கவே மாட்ட. எனக்கே போராக்ஸ் பாடம் எடுக்கறியா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் அரங்கமும் சிரித்தது. நண்டு சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இந்த வேலைக்கு நீங்களே நேர்ல போனீங்களா, சார்?"

"பின்னே? வெயில்ல படகுல நின்னு, ஒவ்வொரு பாட்டிலையும் என் கையால மூடினேன்."

அமர்வை நடத்திய அம்மையார் அவசரமாக மணியை அடித்தார். "நேரமாயிடுச்சும்மா. முடிச்சுக்கோங்க."

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, மேடம். எனக்குக் கொடுத்த நேரத்தை நான் பேசிட்டுதான் இறங்குவேன்." தோழியிடம் திரும்பி, "அடுத்த படம் போடு" என்றாள்.

தோழி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நாலு வருட உழைப்பு, ஒரு கையெழுத்தில் போய்விடும். நண்டு அசையவில்லை. வேறு வழியில்லாமல் தோழி பொத்தானைத் தட்டினாள்.

பாட்டிலுக்குள் ஊறிக் கிடந்த காகிதச் சீட்டு ஒன்று திரை முழுக்க விரிந்தது. பென்சிலில் தேதி, இடம், பாட்டில் எண் 37. அந்தச் சீட்டை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது தோழிக்கு. எங்கே என்று பிடிபடவில்லை.

"போராக்ஸ் இல்லாத பாட்டில்ல இதுவும் ஒண்ணு. இது உங்க கையெழுத்தா, சார்?"

"என் கையெழுத்துதான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப போராக்ஸ் போடாம விட்டதும் நீங்கதான்."

திமிங்கலம் சுற்றுமுற்றும் பார்த்தார். காலையில் எழுந்து நின்று வணக்கம் சொன்ன அத்தனை பேரும் இப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது வந்து... அன்னிக்கு நான் படகுல இல்ல," என்றார். "இதெல்லாம் கூட வர்ற எம்.எஸ்சி. பசங்க செய்யற வேலை. 'மற்றும் பலர்'னு போட்டிருக்கே, அதுல ஏதோ ஒண்ணு சொதப்பியிருக்கு. பேரா ஞாபகம் இருக்கு எனக்கு? யாருன்னு கண்டுபிடிச்சு அதோட பட்டத்தையே பிடுங்கிடறேன். போதுமா?"

தோழிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. பழி வேறு எவர் தலையிலோ விழுந்துவிட்டது. நண்டு தப்பித்தாள். 'ஜெயிச்சிட்ட, இறங்கி வாடி' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

நண்டு இறங்கவில்லை. ஒலிவாங்கியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, திரையில் 37-இன் ஏழைத் தொட்டுக் காட்டினாள். அதன் இடுப்பிலும் ஒரு குறுக்குக் கோடு.

"பிடுங்கிக்கோங்க, சார். அந்த 'மற்றும் பலர்' நான்தான்."